பிஆர் (நிரந்தரவாசித் தகுதி) கிடைத்துவிட்டது, கார்டு இன்னும் வரவில்லை: இடையில் கனடாவை விட்டு வெளியே போகலாமா?

கனடாவில் வந்து இறங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். வாடகைக்கு வீடு பார்த்து, வங்கிக் கணக்கு திறந்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பீர்கள். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து போன் வரும், அப்பாவுக்கு முடியவில்லை, உடனே வா என்று. அவசரமாக டிக்கெட் போடுகிறீர்கள், விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டுகிறீர்கள், பெட்டியைப் போட்டுவிட்டு ஏறிவிடுகிறீர்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதனால் திரும்பி வருவதிலும் பிரச்சினை இருக்காது என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

பிரச்சினை அங்கேதான். கனடாவை விட்டுக் கிளம்பும்போது நம் ஊர் விமான நிலையங்களில் இருப்பதுபோல குடிவரவு அதிகாரி உட்கார்ந்து முத்திரை குத்தும் கவுண்டர் கிடையாது. விமான நிறுவனம் உங்கள் பெயரை எல்லைச் சேவை முகமைக்கு அனுப்பிவிடும், அவ்வளவுதான். செக்கின் செய்பவர் பார்ப்பதெல்லாம் நீங்கள் போய் இறங்கும் நாட்டுக்குள் போக உங்களிடம் சரியான ஆவணம் இருக்கிறதா என்பதை மட்டும். சொந்த நாட்டுக்குச் சொந்த நாட்டுப் பாஸ்போர்ட்டில் போகிறவரிடம் வேறென்ன கேட்கப் போகிறார்? திரும்பி வரும்போது, சென்னையிலோ கொழும்பிலோ, அதே கவுண்டரில் கேள்வி மாறிவிடும்: "உங்கள் பிஆர் கார்டு எங்கே?"

இந்த விஷயத்தில் பலரும் குழம்புவது ஒரே இடத்தில்தான். நிரந்தரவாசி என்ற தகுதி வேறு, அதை நிரூபிக்கும் ஆவணம் வேறு. தகுதி உங்களுக்கு இறங்கிய அன்றே, அல்லது இணையவழியில் உறுதி செய்யப்பட்ட அன்றே வந்துவிட்டது. கார்டு வரவில்லை என்பதால் நீங்கள் பிஆர் இல்லாதவர் ஆகிவிட மாட்டீர்கள். கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு நிரந்தரவாசிக்குக் கனடாவுக்குள் நுழையவும் தங்கவும் உரிமை உண்டு என்று சொல்கிறது. எல்லையில் வந்து நின்றவர் நிரந்தரவாசிதான் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் உள்ளே விட்டே ஆக வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. இவ்வளவு வரைக்கும் படித்துவிட்டு "அப்புறம் என்ன, கிளம்பலாம்" என்று முடிவெடுக்கிறார்கள். 31ஆம் பிரிவை யாரும் படிப்பதில்லை. கனடாவுக்கு வெளியே இருக்கும் ஒருவர் தன் தகுதியைக் காட்டும் ஆவணத்தைக் காட்டவில்லை என்றால், அதிகாரி வேறு மாதிரி முடிவெடுக்காத வரை, அவருக்கு நிரந்தரவாசித் தகுதி இல்லை என்றே எடுத்துக்கொள்ளப்படும் என்று அது சொல்கிறது. அதாவது எல்லைக்கு உள்ளே நிற்கும்வரை உரிமை உங்கள் பக்கம், வெளியே கால் வைத்துவிட்டால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

அதோடு, எல்லையில் நிற்கும் அதிகாரியிடம் உங்கள் வாதத்தை வைக்க வேண்டுமானால் முதலில் அந்த எல்லைவரை வந்து சேர வேண்டுமே. உங்களைத் தடுக்கப்போவது அந்த அதிகாரி இல்லை, விமான நிறுவனத்தின் ஊழியர். சரியான ஆவணம் இல்லாத பயணியைக் கனடாவுக்கு ஏற்றி வந்தால் அந்த நிறுவனத்தின் மேல் தலைக்கு 3,200 கனடிய டாலர் கட்டணம் விதிக்க விதிகள் இடம் தருகின்றன, அவரைத் திருப்பிக் கொண்டுபோகும் பொறுப்பும் அவர்களுடையதே. இதற்காகவே உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு எந்த நாட்டில் என்ன ஆவணம் வேண்டும் என்று சொல்லும் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்துதான் போர்டிங் பாஸ் தருகின்றன. 2016இலிருந்து கனடாவுக்கு வரும் விமானங்களின் பயணிகள் விவரம் ஏறுவதற்கு முன்பே கணினி வழியாகச் சரிபார்க்கப்படுகிறது. நள்ளிரவில் நீண்ட வரிசைக்கு நடுவே நிற்கும் அந்த ஊழியரிடம் போய் 27ஆம் பிரிவைப் பற்றிப் பேசி ஒன்றும் ஆகாது. அவர் மேல் கோபப்படுவதிலும் நியாயம் இல்லை, அவர் கையில் இருக்கும் பட்டியலில் உங்கள் காகிதம் இல்லை.

அந்தக் காகிதம்தான் சிஓபிஆர், நிரந்தர வதிவிட உறுதிச் சான்று. இறங்கும்போது அதிகாரி கையெழுத்திட்டுக் கொடுத்த தாள், அல்லது இணையத்தில் வந்த மின்னணுச் சான்று. அதை வைத்து சமூகக் காப்பீட்டு எண் வாங்கலாம், சுகாதார அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், வேலைக்குச் சேரலாம். நாட்டுக்குள் எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் ஒரு தாள் விமானத்தில் ஏற மட்டும் உதவாது என்பதை ஏற்றுக்கொள்ளப் பலருக்கும் கஷ்டமாக இருக்கிறது, எனக்கு அது புரிகிறது. ஆனால் அது பயண ஆவணம் இல்லை. முதல் முறை வந்தபோது அந்தத் தாளோடு பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த குடியேற்ற விசாவும் ஒரே ஒரு நுழைவுக்கானது, அது முடிந்துவிட்டது.

முன்பு இப்படி இல்லை. 2002 ஜூன் 28இல் இப்போதைய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, குடியேறியவர்கள் இறங்கியதற்கான ஒரு காகிதப் பதிவைத்தான் வைத்திருந்தார்கள். அதில் படம் கிடையாது, போலியாகச் செய்வதும் எளிது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஆவணங்களின் மேல் எல்லா நாடுகளும் கெடுபிடி கூட்டிய காலத்தில் பிளாஸ்டிக் பிஆர் கார்டு வந்தது, 2003 டிசம்பர் 31இலிருந்து விமானம், பேருந்து, ரயில், கப்பல் என்று பொதுப் போக்குவரத்தில் கனடாவுக்குத் திரும்பும் நிரந்தரவாசிகளுக்கு அது கட்டாயமானது. ஆக, காகிதத்தை நம்பக்கூடாது என்பதற்காகவே கொண்டுவரப்பட்ட கார்டு இது, மறுபடியும் காகிதத்தைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள் என்பதில் ஒரு தர்க்கம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனாலும் இதை வேறு மாதிரி செய்ய முடியாதா என்றால், முடியும். அமெரிக்காவில் குடியேற்ற விசாவில் நுழையும் அன்று பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரையே ஓராண்டுக்குத் தற்காலிக கிரீன் கார்டாகச் செல்லும், கார்டு தபாலில் வரும்வரை அதை வைத்துப் போய் வரலாம். ஆஸ்திரேலியா 2015 செப்டம்பரிலிருந்து பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவதையே நிறுத்திவிட்டது, எல்லாம் பாஸ்போர்ட் எண்ணோடு இணைந்த மின்பதிவுதான். பிரிட்டனும் வதிவிட அட்டைகளை விட்டுவிட்டு மின்விசாவுக்குப் போய்விட்டது. கனடாவில் சான்று மின்னணு ஆகிவிட்டது, பயணத்துக்கான அத்தாட்சி மட்டும் இன்னும் தபால்காரர் கையில் இருக்கிறது. விமானத்தில் ஏறும் முன் பயணியின் விவரத்தைக் கணினியில் சரிபார்க்கும் வசதி இருக்கும்போது, புதிதாக வந்தவர்களுக்கு முதல் சில மாதங்களுக்காவது இந்த இடைவெளியை அரசாங்கம் அடைத்துத் தரலாம் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை இப்போதிருக்கும் விதியை வைத்துக்கொண்டுதான் சமாளிக்க வேண்டும்.

ஒரு யோசனை எல்லாருக்கும் வரும். மாணவராகவோ வேலை அனுமதியிலோ முன்பே கனடாவில் இருந்தவர்களின் பாஸ்போர்ட்டில் பழைய விசா இன்னும் ஓரிரு ஆண்டுக்குத் தேதி இருக்க ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் காட்டி ஏறிவிடலாமே? கூடாது. நிரந்தரவாசி ஆன அன்றோடு உங்கள் தற்காலிகத் தகுதி முடிந்துவிட்டது, அந்த விசா நீங்கள் இப்போது இல்லாத ஒரு நிலைக்கானது. விசா விலக்குள்ள நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் இடிஏ எனப்படும் மின்பயண அனுமதியை நிரந்தரவாசி ஆன பிறகு பயன்படுத்த முடியாது. யாரோ ஒருவர் பழைய விசாவில் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருக்கலாம். அவருக்கு அன்று நேரம் நன்றாக இருந்தது, அதை நம்பி உங்கள் குடும்பத்தை அழைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

சரி, போயே ஆக வேண்டும், அப்போது என்ன வழி? அதற்கென்றே இருப்பது நிரந்தரவாசிப் பயண ஆவணம், பிஆர்டிடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கார்டு கையில் இல்லாமல் வெளியே இருக்கும் நிரந்தரவாசி விண்ணப்பித்து வாங்கி, அதைக் காட்டி விமானம் ஏறலாம். கட்டணம் ஆளுக்கு 50 டாலர். பொதுவாக ஒரே ஒரு முறை திரும்பி வரத்தான் செல்லும். இதில் முக்கியமான விஷயம், கனடாவுக்குள் இருந்துகொண்டு இதை வாங்க முடியாது. வெளியே போன பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். ஆகவே கிளம்பும் முன் "எதற்கும் இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொள்ள வழியில்லை, போகும்போது திரும்பும் தேதி உறுதியில்லாமல்தான் போக வேண்டியிருக்கும்.

இதை மனதில் வைத்துப் பயணத்தைத் திட்டமிட வேண்டும். பத்து நாள் விடுப்பு எடுத்து, பத்தாம் நாள் திரும்பும் டிக்கெட்டை மாற்ற முடியாத கட்டணத்தில் போடாதீர்கள். ஊரில் இறங்கிய மறுநாளே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள், கல்யாண வேலை முடியட்டும், காரியம் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். ஆவணத்தை ஒட்டுவதற்குப் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டியிருக்கும், அந்த நாட்களில் வேறு எந்த நாட்டுக்கும் நகர முடியாது. அவசரக் காரணம் இருந்தால் சான்றுகளோடு எழுதித் துரிதப்படுத்தக் கேட்கலாம், ஆனால் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தை உட்பட குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி விண்ணப்பம். வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தால் மேலாளரிடம் நிலைமையை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது, சோதனைக் காலத்தில் இருப்பவருக்கு இரண்டு வாரத் தாமதம்கூடப் பெரிய விஷயம்.

விண்ணப்பத்தில் தகுதியைச் சரிபார்க்கும்போது அதிகாரி பார்ப்பது வசிப்புக் கடமையை. ஐந்து ஆண்டுக் காலத்தில் குறைந்தது 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்பது விதி. வந்து சில வாரமோ மாதமோ ஆனவருக்கு இதில் பயப்பட எதுவும் இல்லை, மீதி இருக்கும் காலத்தில் அந்த 730 நாளை நிரப்ப முடியும் என்று தெரிந்தால் போதும். புதிதாக வந்தவர்களின் விண்ணப்பம் இந்த வகையில் நேரடியானது. சிஓபிஆர் நகல், இறங்கிய தேதி முத்திரை இருக்கும் பாஸ்போர்ட் பக்கம், வாடகை ஒப்பந்தம், வேலைக் கடிதம் போன்றவற்றைக் கிளம்பும் முன்பே ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே போய் நண்பரிடம் அலமாரியைத் திறந்து தேடச் சொல்ல வேண்டியிருக்காது.

வழியில் மாறும் விமான நிலையங்களையும் கவனிக்க வேண்டும், இதைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். ஷெங்கன் எனப்படும் ஐரோப்பியப் பொது விசா நாடுகளில் விமானம் மாறுவதற்கே விமான நிலைய இடைமாற்ற விசா தேவைப்படும் நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கை இருக்கிறது, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் சில உறுப்பு நாடுகள் தனியாகக் கேட்டு வந்திருக்கின்றன. கனடிய பிஆர் கார்டு இருந்தால் விலக்கு உண்டு. விதியில் பெயர் சொல்லியிருப்பது கார்டு, உறுதிச் சான்று இல்லை. ஆகவே கார்டு வருவதற்கு முன் பயணம் செய்கிறவர்கள் இந்தச் சிக்கலே இல்லாத இடத்தில், விசா கேட்காத விமான நிலையத்தில் மாறும்படி டிக்கெட் போடுவது நிம்மதி. நூறு டாலர் கூட ஆனாலும் பரவாயில்லை.

இன்னொரு வழி தரைவழி. வணிகப் போக்குவரத்து இல்லாத வண்டியில், அதாவது சொந்தக் கார், இரவல் கார், வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டும் கார் ஆகியவற்றில் அமெரிக்க எல்லை வழியாக வந்தால் இடையில் விமான நிறுவனம் என்ற ஒருவர் இல்லை. நயாகராவின் ரெயின்போ பாலத்திலோ, பஃபலோவிலிருந்து வரும் பீஸ் பாலத்திலோ, டெட்ராய்ட் வின்ட்சர் வழியிலோ நேராக எல்லை அதிகாரியிடம்தான் வந்து நிற்பீர்கள். பாஸ்போர்ட்டையும் சிஓபிஆரையும் காட்டி, நான் இன்ன தேதியில் இறங்கியவர், கார்டுக்காகக் காத்திருக்கிறேன் என்று சொன்னால் அவர் தன் கணினியில் பார்த்துக்கொள்வார். அந்த 19ஆம் பிரிவு உண்மையில் உங்களுக்கு உதவும் இடம் இதுதான். பேருந்தும் ரயிலும் இதில் சேராது, அவை வணிக வண்டிகள். அமெரிக்காவுக்குள் வர உங்களுக்கு அமெரிக்க விசா வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை, நம்மவர்களில் அது ஏற்கனவே பாஸ்போர்ட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த வழி.

அடுத்து, வந்த கையோடு திரும்பிப் போகிறவர்கள். வேலையை விட முடியாது, பிள்ளைகளின் படிப்பாண்டு முடியவில்லை, அதனால் ஒரு வாரம் வந்து இறங்கிப் பதிவு செய்துவிட்டுத் திரும்பிப் போய் ஆறு மாதம் கழித்துக் குடும்பத்தோடு வருகிறோம் என்பார்கள். சட்டப்படி இதில் தவறில்லை. ஆனால் கார்டு கனடா முகவரிக்கு மட்டும்தான் வரும், வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். பெரும்பாலும் நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, வந்ததும் கூரியரில் அனுப்பச் சொல்கிறார்கள். வழியில் தொலைந்தால் திரும்பவும் அதே பயண ஆவண விண்ணப்பம்தான். இறங்கி 180 நாளுக்குள் முகவரி கொடுத்துவிட வேண்டும், தவறினால் கட்டணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். வெளியே இருக்கும் நாட்கள் அந்த 730இல் சேராது. ஒன்டாரியோவில் சுகாதாரக் காப்பீட்டுக்கும் தனிக் கணக்கு உண்டு, குடியமர்ந்த முதல் 183 நாளில் குறைந்தது 153 நாள் மாகாணத்தில் இருக்க வேண்டும். ஒரு வாரம் மட்டும் வந்து போகிறவர் இந்தக் கணக்கை உண்மையில் குடிவந்த பிறகு ஆரம்பிப்பதே பொருத்தம்.

உள்நாட்டிலிருந்தே விண்ணப்பித்து, இணையதளத்தில் தகுதி உறுதிப்படுத்தப்படக் காத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒப்புதல் வந்ததற்கும் மின்னணுச் சான்று கைக்கு வருவதற்கும் இடையில் நீங்கள் கனடாவுக்குள் இருக்கிறீர்கள் என்று உறுதிமொழி கேட்பார்கள். அந்த நாட்களில் ஊருக்குப் போயிருந்துவிட்டு "ஆம், கனடாவில்தான் இருக்கிறேன்" என்று குறிப்பது தவறான தகவல் தருவதாகிவிடும், அது நிரூபணமானால் ஐந்து ஆண்டுத் தடைவரை போகலாம். பத்து நாள் ஊர்ப் பயணத்துக்காக இத்தனை ஆண்டு உழைப்பைப் பணயம் வைக்க வேண்டாம். வெளியே போக நேர்ந்தால் குடிவரவுத் துறைக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள், வேறு முறையில் முடித்துத் தருவார்கள்.

கார்டு எப்போது வரும்? சில நேரம் சில வாரம், சில நேரம் மாதக்கணக்கு. நம் கையில் இருப்பது முகவரி மட்டும்தான். முதலில் உறவினர் வீட்டில் தங்கி, அந்த முகவரியைக் கொடுத்து, அடுத்த மாதம் வேறு அபார்ட்மென்ட்டுக்குப் போய்விட்டு, மாற்றத்தைக் குடிவரவுத் துறைக்குச் சொல்லாமல் விட்டவர்களின் கார்டுதான் அதிகம் அலைகிறது. வங்கிக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் சொன்னால் துறைக்குத் தெரிந்துவிடாது, தனியாகச் சொல்ல வேண்டும். தபால் பெட்டியில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள். நம் பெயர்களில் அப்பா பெயர் குடும்பப் பெயராக மாறி, கணவன் மனைவி பிள்ளைகளுக்கு வெவ்வேறு கடைசிப் பெயர் இருக்கும், எல்லாப் பெயரும் பெட்டியில் இருக்கட்டும்.

கடைசியாக, இதில் நான் மிகவும் கவலைப்படும் பகுதி. அகதியாக ஏற்கப்பட்டு அதன் வழியாக நிரந்தரவாசி ஆனவர்களுக்கு, கார்டு வந்ததா இல்லையா என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த நாட்டுக்கு, எந்தப் பாஸ்போர்ட்டில் போகிறீர்கள்? 2012 டிசம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, எந்த நாட்டிலிருந்து பாதுகாப்புக் கேட்டீர்களோ அந்த நாட்டின் பாதுகாப்பை நீங்களாகவே மீண்டும் நாடினீர்கள் என்று குடிவரவு, அகதிகள் வாரியம் முடிவு செய்தால் அகதி நிலையோடு பிஆர் தகுதியும் சேர்ந்து போய்விடும். அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்ததும், அதில் பயணம் செய்ததும், அங்கேயே போய் வந்ததும் இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். கார்டு வந்துவிட்டது, இனி பயமில்லை என்று டொரண்டோவில் உள்ள துணைத் தூதரகத்தில் இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போனவருக்கு, பல ஆண்டு கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த விஷயம் எழலாம். போர் முடிந்துவிட்டது, எல்லாரும் போய் வருகிறார்கள் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அவர்களில் பலர் குடியுரிமை பெற்ற பிறகு போனவர்களாகவோ, குடும்ப விசாவில் வந்தவர்களாகவோ இருப்பார்கள், அவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. உங்களுக்குப் பொருந்தும்.

உங்களுக்கு உரியது கனடா வழங்கும் அகதிகளுக்கான பயண ஆவணம், நீல நிறத்தில் பாஸ்போர்ட் போல இருக்கும். அதில் நீங்கள் தப்பி வந்த நாட்டுக்குப் போக முடியாது, மற்ற நாடுகளுக்கு அந்தந்த நாட்டு விசா எடுத்துப் போகலாம். திரும்பி வர அதோடு பிஆர் கார்டும் வேண்டும். அம்மாவை மூன்றாவது ஒரு நாட்டுக்கு வரச் சொல்லி அங்கே சந்திப்பவர்கள் இதனால்தான் அப்படிச் செய்கிறார்கள். அப்படிச் செய்ய முடியாத அளவு அவர் நோய்ப்பட்டிருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன் அகதி வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் உங்கள் பழைய கோப்போடு போய் உட்காருங்கள். வழக்கறிஞருக்குக் கட்ட வசதி இல்லையென்றால் ஒன்டாரியோவில் சட்ட உதவி அமைப்பையோ, பக்கத்தில் இருக்கும் சமூகச் சட்ட மையத்தையோ கேட்கலாம். போன் வந்த இரவே கிளம்ப வேண்டும் என்று மனது அடித்துக்கொள்ளும்போது இதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன், ஒரு நாள் பொறுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள்.